திருத்தாத அறிக்கை

அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவளின் தோளை அத்தை தொட்டாள்.

"ஆபீஸ்ல இருந்து யாரோ வந்திருக்காங்க."

மகள் நிமிர்ந்தாள். பதினான்கு வருஷமாக அப்பாவின் ஆபீசிலிருந்து ஒரு ஈ, காக்கா எட்டிப் பார்த்ததில்லை. அப்பாவின் உயிர் போனது விடிகாலையில்தான். வெயில் ஏறுவதற்குள் தலைமை ஆய்வாளரே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் பார்வை அப்பாவின் முகத்தில் தங்கவில்லை. உள்ளறைக் கதவுக்கும் புத்தக அலமாரிக்குமாக அலைந்தது.

அப்பா ஊர்த் தண்ணீரைச் சோதித்துச் சான்று எழுதுகிறவராக இருந்தார். அவளுக்குப் பதினாறு வயதானபோது ஆய்வுக்கூடத்திலிருந்து அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அரசு வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். சாமான்கள் வண்டியில் ஏறும்போது, "என்னப்பா தப்பு பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"கடவுள் ஒரு வழி காட்டினாரு. அதுல போனேன்" என்றார். அவ்வளவுதான்.

அவள் நம்பவில்லை. தப்பு செய்தவன்தான் கடவுளைத் துணைக்கு இழுப்பான் என்று நினைத்தாள். தினமும் காலையில் கட்டிலோரம் முழங்கால் போட்டிருக்கும் அவரைத் தாண்டிக் கல்லூரிக்கும் பிறகு வேலைக்கும் போனபோதெல்லாம், எதற்காக இப்படி மன்னிப்புக் கேட்கிறார் என்றே யோசித்தாள்.

"அவரோட பழைய நோட்டு ஏதாவது வீட்டுல இருக்காம்மா?" என்றார் தலைமை ஆய்வாளர்.

"எதுக்கு சார்?"

"சும்மா, ஒரு ஃபார்மாலிட்டி. ஃபைலை மூடணும்ல."

"இன்னும் அடக்கமே பண்ணல சார்."

"அப்புறம்னா கை மாறிப் போயிடும். நான் வேணா உள்ள வந்து பாக்கட்டுமா?"

"வேண்டாம். நானே பாக்கறேன்."

உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். துணி அலமாரியின் கீழ்த்தட்டில், கம்பளிக்கு அடியில் இருந்தது அந்த நோட்டு. பச்சை அட்டை. தேதி, இடம், எண்கள், முடிவு என்று பக்கம் பக்கமாக அப்பாவின் கையெழுத்து. கடைசியாக எழுதிய பக்கத்தில், ஆற்றங்கரைத் தொட்டித் தண்ணீருக்கு, 'குடிக்கத் தகாது.' பக்கத்திலேயே சிவப்பு மையில் வேறொரு கை: 'தகுந்தது எனத் திருத்தவும்.' சுருக்கொப்பம். அதன் கீழே மறுபடி அப்பா, பொடி எழுத்தில்: 'மூன்று நாள் முழங்காலில் நின்று கேட்டேன். திருத்து என்று அவர் சொல்லவில்லை.'

தேதியைப் பார்த்தாள். வீட்டைக் காலி செய்வதற்கு முந்திய வாரம்.

பிறகு எழுதிச் சேர்த்திருப்பாரோ? பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மை ஒன்றுபோலவே மங்கியிருந்தது. அப்படியும் இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு நோட்டைத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு வெளியே வந்தாள்.

"ஒண்ணும் இல்ல சார்."

"நல்லாத் தேடினீங்களா?"

"தேடினேன்."

அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. பெருமூச்சு விட்டார். "நல்ல மனுஷன்மா. ஆனா உலகம் தெரியாது. எல்லாரும் போற வழியில போயிருந்தா இன்னிக்கு என் நாற்காலியில அவருதான் உக்காந்திருப்பாரு. எவ்வளவோ சொன்னேன்."

"நீங்களா சொன்னீங்க?"

அத்தை தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். டம்ளரை உதடுவரை கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"இது எங்க பிடிச்ச தண்ணி?"

"குழாய்த் தண்ணிதாங்க. ஆற்றங்கரைத் தொட்டியிலேருந்து வர்றது."

"இப்பதான் காபி குடிச்சிட்டு வந்தேன்" என்று டம்ளரை நாற்காலிக்கடியில் வைத்தார். அப்பாவின் பக்கம் ஒருமுறை கும்பிட்டுவிட்டு வேகமாகப் படியிறங்கினார்.

அழுது அழுது தொண்டை வறண்டிருந்த அத்தை அந்த டம்ளரை எடுக்கக் குனிந்தாள்.

"வேண்டாம் அத்தை."

"ஏன், அவரு வாயே வைக்கலயே?"

மகள் டம்ளரை வாங்கிக்கொண்டுபோய்த் பாத்திரம் கழுவும் இடத்தில் கொட்டினாள். வீட்டிலிருந்ததிலேயே பெரிய பாத்திரத்தைத் தேடி எடுத்து, அப்பா தினமும் செய்வதுபோல நிரப்பி, அடுப்பில் ஏற்றினாள். வாசலில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, அது கொதிக்கும்வரை அங்கேயே நின்றாள்.