எண்பது சதவீத வருகை

கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் வாரமே தனக்குக் கொடுத்த பாடத்திட்டத்தைப் படித்துவிட்டு ஷர்மைன் வாய்விட்டுத் திட்டினாள். தொழிலகப் பாதுகாப்பு என்று பெயர். உள்ளே பாதிக்கு மேல் சட்டம் பிறந்த கதை. படிக்க வருகிறவர்களோ மாசாய் அடுக்குமாடிகளிலிருந்து பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் ஓடுகிறவர்கள். அமிலம் கையில் தெறித்தால் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். எந்தச் சட்டம் எந்த ஆண்டு வந்தது என்பதை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?

அதைவிட அவளுக்கு எரிந்தது வருகை விதி. எண்பது சதவீதம் வராதவர் பரீட்சை எழுத முடியாது. போன தவணையில் புஷ்பவள்ளியை அப்படித்தான் தடுத்துவிட்டார்கள். இரவு ஷிப்ட் முடித்து, தூங்காத கண்ணோடு காலை வகுப்புக்கு வந்தவள் அவள். ஓவர்டைம் விழுந்த நாட்களில் வர முடியவில்லை. இந்த டிப்ளோமாவை முடித்தால்தான் அமிலத் தொட்டிப் பக்கத்திலிருந்து எழுந்து பாதுகாப்புப் பிரிவுக்குப் போக முடியும்.

ஷர்மைனின் அப்பா செபஸ்தியன் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் நின்றுகொண்டே படித்தவளுக்கு, சோற்றுக்கும் படிப்புக்கும் நடுவில் நசுங்குவது எப்படி இருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதனால் முழுவதையும் திருத்தி எழுதினாள். ஒவ்வொரு பாடத்தையும் முடித்தவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை முதலில் வைத்தாள். பிறகுதான் என்ன படிப்பது, எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம். ஷிப்டில் மாட்டிக்கொண்டவர்கள், தவறிய வகுப்புக்குப் பதிலாகத் தங்கள் வேலையிடத்தில் கண்ட ஆபத்தைப் பற்றி அறிக்கை எழுதித் தரலாம். துறைத்தலைவர் ஜெயசங்கர் புரட்டிப் பார்த்து, "நல்லாருக்கே, மிஸ் ஷர்மைன்," என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி, அன்றைக்கே மாணவர்களின் வாட்சாப் குழுவில் போட்டுவிட்டாள்.

மறுவாரம் அவர் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஸ்டூடண்ட்ஸ்க்குக் குடுத்துட்டீங்களா? அலாமாக், போச்சு!"

"நீங்கதானே சார் நல்லாருக்குன்னீங்க?"

"நல்லாத்தான் இருக்கு. நல்லாருந்தா போதுமா? அங்கீகாரம் வாங்குன பைல்ல பழையதுதான் இருக்கு. ஆடிட் வந்தா ரெண்டும் ஒன்னா இருக்கணும் லா. மாத்தணும்னா குழு கூடணும். அடுத்த வருஷம் பார்ப்போம்."

"பழசை எழுதுனது யாரு சார்?"

"யாருக்குத் தெரியும்? எனக்கு முன்னாடி இருந்தவருக்கும் முன்னாடி யாரோ. நாங்க பேரையும் தேதியையும் மாத்துவோம். நீங்களும் அதையே செஞ்சிருக்கலாம்."

"அப்ப வர முடியாதவங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "வருகைத்தாள் கடைசி பெஞ்சு வரைக்கும் போவுது. யாருக்கு யாரு போடுறாங்கன்னு நாம பார்க்கிறதில்ல. ஆடிட்டுக்குக் கையெழுத்து இருந்தா போதும்."

"கள்ளக் கையெழுத்து ஆகும், நேர்மையான பாடத்திட்டம் ஆகாதா?"

"சத்தம் போடாதீங்க மிஸ். உங்களுக்கே இன்னும் வேலை உறுதியாகல."

படிக்கட்டில் நின்று புஷ்பவள்ளிக்குப் போன் போட்டாள். எடுத்ததுமே அந்தப் பக்கம் சிரிப்பு.

"மிஸ்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். பெர்மனன்ட் மார்னிங் ஷிப்ட் கிடைச்சிருச்சு! இனிமே ராத்திரி பையன்கூட இருக்கலாம். காலை வகுப்புக்கு வராட்டி ரிப்போர்ட் எழுதலாம்னு நீங்க போட்டிருந்தீங்கல்ல, அதான் தைரியமா எடுத்துட்டேன்."

"மறுபடி மாத்த முடியுமாக்கா?"

"இந்த வருஷம் முடியாது மிஸ். என் எடத்துக்கு வேற ஆளு போயாச்சு. ஏன்?"

சொன்னாள். பழைய விதிதான் என்பதையும், வருகைத்தாளைப் பற்றி ஜெயசங்கர் சொன்னதையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள். வேறு விதமாகச் சொல்ல அவளுக்கு வராது.

"நீங்க எழுதுனதுதானே மிஸ்? உங்க பேரு போட்டிருந்துச்சே."

"பழசுலயும் இப்ப என் பேருதான்க்கா போட்டிருக்காங்க."

புதுத் தவணையின் முதல் வகுப்பன்று வருகைத்தாள் சுற்றி வந்தது. முன்வரிசையில் இருந்த ஜோஆன் தன் பெயருக்கு நேரே ஒன்று, கீழே புஷ்பவள்ளியின் பெயருக்கு நேரே இன்னொன்று என்று இரண்டு கையெழுத்துப் போட்டாள். மறைக்கக்கூட இல்லை.

"புஷ்பாக்கா சொன்னாங்க மிஸ். ஜெயசங்கர் சாருக்கும் தெரியுமாம்."

வகுப்பே ஷர்மைனின் முகத்தைப் பார்த்தது. கிழித்துப் போடலாம். போட்டால், பரீட்சைக்கு வெளியே நிற்கப்போவது ஜெயசங்கர் அல்ல. தாளை வாங்கி, விரிவுரையாளர் என்ற இடத்தில் கையெழுத்திட்டாள். பேனா தாளைக் குத்திக்கொண்டு போனது.

இடைவேளையில் புஷ்பவள்ளியின் செய்தி வந்திருந்தது.

"பாடமெல்லாம் வேணாம் மிஸ். பரீட்சைக்கு வர்றத மட்டும் அனுப்பிடுங்க."

வாட்சாப் குழுவில் ஷர்மைன் சேர்ந்த நாளிலிருந்து பாடத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். கையுறை ஓட்டையானால் யாரிடம் சொல்வது, புகை ஏறினால் எந்தக் கதவு என்று.

அனுப்புகிறேன் என்று ஷர்மைன் பதில் போட்டாள். வேறு என்ன போடுவது?