நேராக்காத முகம்

அலமாரியின் கீழ்த்தட்டில் அம்மாவின் காலுறைகளை அவள் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற தம்பி ஒரு பழுப்பு உறையைப் பிரித்தான். அம்மாவுக்கு எப்போதும் பாதம் சில்லிடும். காலுறை போட்டுத்தான் அம்மாவை எடுத்துப் போக வேண்டும் என்று காலையிலேயே அவள் முடிவு செய்திருந்தாள்.

"அக்கா, இது போதும். ரொம்ப நல்லா இருக்கு."

அது எந்தப் படம் என்று திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

காலை ஆறு மணிக்கு அம்மா இறந்திருந்தாள். மூன்று வருடத்தில் இரண்டாவது பக்கவாதம். முதலில் வந்தது இடது கையையும் வாயின் இடது ஓரத்தையும் கொண்டுபோயிருந்தது. இது மிச்சத்தை எடுத்துக்கொண்டது. தம்பி விமானம் பிடித்துப் பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தான். நாலு மணிக்கு உடலை எடுப்பதாக முடிவாகியிருந்தது. அதற்குள் தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும்.

படம் எடுப்பது அவள் வேலைதான், பாதி வேலை. வாரத்தில் ஐந்து நாள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்ப்பாள். சனி, ஞாயிறில் நடனப் படங்களும் தனி ஆள் படங்களும் எடுப்பாள். இந்த இரண்டு வகைப் படங்களுக்கும் வேறு வேறு விதி. தனியாக உட்கார்ந்து எடுத்துக்கொள்கிறவர்களுக்குக் கண்ணுக்குக் கீழே வீங்கியதைக் குறைப்பாள், பல்லின் மஞ்சளைத் துடைப்பாள், ஏறி இறங்கிய தோளைச் சமமாக்குவாள். செய்யச் சொல்லி யாரும் கேட்பதில்லை, செய்யாவிட்டால்தான் கேட்பார்கள். நடனப் படங்களில் அதெல்லாம் கிடையாது. "ஆடும்போது மூஞ்சி கோணத்தான் செய்யும்," என்று நடனப் பள்ளி டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். "அதைப் போய் நேராக்கினீங்கன்னா பொண்ணு சும்மா நிக்கற மாதிரி ஆயிடும். கை வெக்காதீங்க."

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவைப் படம் எடுத்தபோது அவள் கை பழக்கத்தில் வேலை செய்தது. வலது உதட்டோரத்தைப் பிரதி எடுத்து, திருப்பி, இடது பக்கம் ஒட்டினாள். இறங்கிய இமையைத் தூக்கினாள். அரை மணி நேர வேலை. அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுத்ததும் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லா இருக்காங்க. யாரு?"

"எல்லாருக்கும் செய்யறதுதாம்மா."

"அந்த டான்ஸ் பொண்ணுங்களுக்கு மட்டும் கோணலை அப்படியே விடற. நானும் எந்திரிச்சு நாலு ஆட்டம் ஆடினாத்தான் என் மூஞ்சியை எனக்குக் குடுப்பியா?"

அவள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. படத்தை உறைக்குள் போட்டு அலமாரியில் வைக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

"அது வேண்டாம்டா," என்றாள் இப்போது. "நான் திருத்தினது. திருத்தாதது இருக்கான்னு பாக்கறேன்."

"உன் வீட்டுல படத்துக்கா பஞ்சம்?"

பஞ்சம்தான். தனி ஆள் படங்களின் திருத்தாத மூலங்களை ஒரு வருடத்துக்கு மேல் அவள் வைத்திருப்பதில்லை, இடம் போதாது. பக்கத்து வீட்டு அம்மாளிடம் காலுறைகளைக் கொடுத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தாள். அந்த மாதத்து ஃபோல்டர் காலி. பழைய ஹார்டு டிஸ்க்கிலும் இல்லை. முன்னறையில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

"மணி ஒண்ணே முக்கால்," என்றான் தம்பி.

அம்மாவை எங்கே வைத்துப் படம் எடுத்தோம் என்று யோசித்தாள். வீட்டில் இல்லை. அன்றைக்குத் துணைக்கு வரும் பெண் வரவில்லை. அம்மாவை ஒத்திகைக் கூடத்துக்கே கூட்டிப் போயிருந்தாள். ஆட்டம் முடிந்து பெண்கள் காலை நீவிக்கொண்டிருந்தபோது, விளக்குகளை அணைக்கும் முன் எடுத்த படங்கள் அவை. நடனப் படங்களோடு சேர்ந்திருக்கும். அவற்றை அவள் அழிப்பதே இல்லை.

இருநூற்றுப் பதினொரு படங்களில் குதிப்பும் வியர்வையும் பல்லைக் கடித்த முகங்களும். அடுத்து ஐந்து படங்களில் அம்மா. நான்கில் டீச்சரைப் பார்த்து ஏதோ வம்பு பேசிக்கொண்டிருந்தாள். ஐந்தாவதில் நேராகப் பார்த்தாள். இடது இமை பாதி இறங்கியிருந்தது, வாய் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது, மறுபக்கம் மட்டும் சிரித்தது.

தம்பி அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தான்.

"இதையா வெக்கப் போற? வர்றவங்க எல்லாம் இதைப் பாக்கணுமா? அம்மாவுக்கே பிடிக்காதுக்கா. வீடியோ கால்ல ஒரு நாளாவது நேரா உக்காந்திருக்காங்களா? எப்பவும் வலது பக்கம்தான் தெரியும். அவங்களுக்கு வெட்கம்."

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"அது உனக்காக. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த புதுசுல நேராத்தான் உக்காந்து பேசினாங்க. நீ பாத்துட்டு அழுதே. மறுநாள், நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போடு, அவன் பயந்துக்கறான்னு என்கிட்ட சொன்னாங்க. நீ வந்திருந்த ரெண்டு தடவையும் அந்தக் கன்னத்தைச் சுவர்ப் பக்கம் வெச்சுத்தான் உக்காந்தாங்க. நீ கிளம்பினதும் பழையபடி திருப்பிக்குவாங்க. மத்தபடி இந்தத் தெருவே பாத்த முகம்தான் இது."

தம்பி முன்னறைக்குப் போனான்.

இரண்டு தெரு தள்ளி இருந்தது போட்டோ லேப். லேப்காரருக்கு அவளைப் பத்து வருடமாகத் தெரியும். படம் திரையில் வந்ததும் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"வாயைச் சரி பண்ண மறந்துட்டீங்கபோல. ரெண்டு நிமிஷம், நானே பண்ணிடறேன்."

"வேண்டாம். அப்படியே போடுங்க."

"கேட்டு வாங்கறவங்க திட்டப் போறாங்க."

"அம்மாதான். காலையில போயிட்டாங்க."

அவர் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தார். பிறகு, என்ன அளவு என்று மட்டும் கேட்டார். வீட்டிலிருந்த படச் சட்டத்தை அளந்து வர அவள் மறந்திருந்தாள். குத்துமதிப்பாக ஒன்று சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது தலைமாட்டில் சட்டம் ஏற்கெனவே நின்றது, உள்ளே அவள் நேராக்கிய அம்மா. "எப்படி லட்சணமா இருந்திருக்காங்க," என்று மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியின் மனைவி சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி கீழே உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். இறந்த பிறகு இரண்டு கன்னங்களும் ஒன்றுபோலத் தளர்ந்துவிட்டிருந்தன. எந்தப் பக்கம் இழுத்திருந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

அவள் புதிய படத்தை அவனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். முதலாளியின் மனைவி எழுந்து போனார், அவர் இடத்தில் வேறு இருவர் வந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு அவன் சட்டத்தை எடுத்துக் கவிழ்த்து, பின்பக்கக் கொக்கிகளை ஒவ்வொன்றாக நெம்பினான். புதிய படத்தை வைத்துப் பார்த்தான். ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தது.

"கத்தரி எங்கக்கா?"

எடுத்துக் கொடுத்தாள்.

"எந்தப் பக்கம் வெட்டறது?"

"எந்தப் பக்கம்னாலும். ரெண்டு பக்கமும் வெறும் சுவர்தான்."

அவன் அளவுகோல் கேட்டு வாங்கினான். இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக அளந்து, பென்சிலால் மெல்லிய கோடு போட்டான். நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, கோட்டை விட்டு விலகாமல் மெதுவாக வெட்டினான். சாம்பல் நிறத் துண்டு சுருண்டு தரையில் விழுந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் காலை மடக்கிக்கொண்டு அவனுக்கு இடம் விட்டார்.