ஐயாசாமியின் வலது கை

டெல்லிக் கடிதத்தை நான்கு முறை படித்தேன். வர்ச்சுவல் ரியாலிட்டி ஆராய்ச்சிக்கு நிதி கிடையாது என்று சொல்ல அவர்களுக்கு ஒரு முழுப் பக்கம் தேவைப்பட்டிருக்கிறது. காரணம் மட்டும் ஒரே வரி: நோயாளி தமக்கு வலி இல்லை என்று நேரிலேயே கூறினார்.

கூறினார்தான். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஐயாசாமிக்கு முழங்கைக்குக் கீழே வலது கை இல்லை. சூலூர்ப் பக்கம் ஒரு மில்லில் மிஷின் இழுத்துக்கொண்டது. போன கை போய்த் தொலையாமல், முஷ்டி பிடித்தபடி அங்கேயே இருந்து வலித்தது. இல்லாத நகம் இல்லாத உள்ளங்கையில் குத்துமாம். "துண்டைக் கடிச்சுட்டுக் கெடக்கறாருங்க" என்று அவர் மனைவி மாரியாத்தாள்தான் என்னிடம் அழுதார்.

அது 1997. எங்கள் கல்லூரியில் என் ஆராய்ச்சியை வீடியோ கேம் என்று கிண்டலடிப்பார்கள். நானா விடுவேன்? பெங்களூரிலிருந்து ஒரு ஹெல்மெட்டையும் கம்ப்யூட்டரையும் மூன்று மாதத்துக்கு இரவல் வாங்கிவந்தேன். ஹெல்மெட்டை மாட்டினால் ஐயாசாமியின் கண்முன் ஒரு வலது கை தெரியும். அழகே இல்லாத, மரக்கட்டை மாதிரிக் கை. இடது கையை அவர் விரித்தால் அதுவும் விரியும். முதல் நாள் விரிந்தபோது, "உட்டுருச்சுங்க டீச்சர், உட்டுருச்சுங்க" என்று தேம்பினார். மறுநாள் வலி திரும்பிவிட்டது. தினமும் செய்தால் அடியோடு போகும் என்று நம்பினேன். சொந்தமாகக் கருவி வாங்கத்தான் அரசாங்கப் பணம் கேட்டேன்.

டெல்லியிலிருந்து பார்வையிட வந்த குழுவில் ஒருவர் சென்னைக்காரர். ஹெல்மெட்டை மாட்டுமுன் ஐயாசாமியிடம் தமிழிலேயே கேட்டார்: "இப்ப வலிக்குதா?"

ஐயாசாமி எழுந்து நின்றார். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. "அதெல்லாம் ஒன்னுமில்லீங்க. நல்லா இருக்கறனுங்க. நீங்க காப்பி குடிச்சீங்களா?"

"சார், அவர் மரியாதைக்குச் சொல்றார்" என்று குறுக்கே விழுந்தேன்.

"அவரைப் பேச விடுங்க மேடம்."

ஹெல்மெட்டைக் கழற்றியபின் கேட்டபோதும் அதே பதில்தான். முன்னும் பின்னும் வலி இல்லையென்றால் இதற்கு எதற்குப் பணம் என்று நினைத்திருப்பார்கள்.

கடிதத்தோடு சூலூர் பஸ் ஏறினேன். கோபத்தை ஆறப்போட்டிருக்கலாம். வாசலிலேயே பொரிந்து தள்ளிவிட்டேன். "உங்க ஒரு வார்த்தையில எல்லாம் போச்சுங்கண்ணா. மிஷினைத் திருப்பி அனுப்பியாச்சு. வலிக்குதுன்னு சொன்னா என்னங்க?"

அவர் முகம் செத்துவிட்டது. "அத்தன தூரத்துலிருந்து வந்தவங்ககிட்ட எடுத்ததும் வலிக்குதுன்னு எப்படிங்க சொல்றது?" பிறகு, "உங்க வேலைக்கு ஒன்னும் ஆகாதுங்களே டீச்சர்?" என்றார்.

ஒரு வாரத்தில் கல்லூரிக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே டெல்லிக்காரர்களுக்கு ஒரு கடிதம். இடது கையால், கோணல்மாணலாக, அவரே எழுதியிருந்தார்.

"ஐயா, அனைவரும் சௌக்கியமா? டீச்சர் மேல் தப்பில்லை. எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது."

அதை நான் டெல்லிக்கு அனுப்பவில்லை. கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவர்களுக்கு என்னால் புரியவைக்க முடியாது.