சொல்லாமல் வெட்டிய மரம்

இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் சாலைகளை மறித்த 1987ஆம் வருசம், நைனார்பாளையம் பஸ் நிறுத்தத்துப் புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்தது. அதன் நிழல் விழவில்லை. கிளையும் இலையுமாகப் பழைய இடத்திலேயே கிடந்தது. மேலே வெறும் வானம். மரத்தடியில் கம்பங்கூழ் விற்றுவந்த ஜெயம்மாள் அன்றைக்கும் அந்த நிழலில்தான் பானையை இறக்கி, மறியலுக்கு வந்தவர்களுக்கு மோர்மிளகாயோடு கூழ் ஊற்றினாள். மறுநாள் வெயில் ஏறியதும் நிழல் கிளம்பிவிட்டது. கச்சிராயபாளையத்தில் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்கள், ஒரு மரத்தின் நிழல் வயலைக் கடந்து மலைப்பக்கம் போவதைப் பார்த்தார்கள். மேகம் ஏதும் உண்டா என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, மடையைத் திருப்பப் போய்விட்டார்கள்.

அந்தப் பக்கத்தில் புளியமரத்தை வெட்டுவதென்றால் முதல்நாள் சாயங்காலமே மரத்திடம் சொல்லிவிட வேண்டும். பேய் பிடித்தவர்களின் உச்சிமுடியைக் கத்தரித்து ஆணியோடு அடித்துவைப்பது புளியமரத்தில்தான். உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? நாளைக்கு இந்த மரம் இருக்காது, இருக்கிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, கோடாலியை அடிமரத்தில் சாய்த்துவிட்டு வருவார்கள். முதல் வெட்டு வெட்டுகிறவன்தான் சொல்ல வேண்டும். அந்தப் புளியமரத்துக்கு அது அன்புச்செல்வன். ஆனால் போலீஸ் லாரி வருகிறது என்று சேதி வந்ததும், சொல்ல நேரமில்லாமல் அப்போதே வெட்டினான். வெட்டியவர்களில் அவன் பேர்தான் போலீசுக்கு முதலில் போனது. பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, கோமுகி அணை ஓரமாக நடந்து கல்வராயன் மலையேறினான்.

மலைமேல் ஒரு பழைய கட்டடத்தில் தியான முகாம் நடந்துகொண்டிருந்தது. நடத்தியவர் கோலார் தங்கவயலில் பிறந்த ஒரு தமிழ்ப் பிக்கு. அங்கே யாரும் யாரோடும் பேசக்கூடாது, பேர்கூடக் கேட்கக்கூடாது என்று அறிந்ததும், ஒளிய வந்தவனுக்கு இதைவிடத் தோதான இடம் ஏது என்று அன்புச்செல்வன் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான். மத்தியானத்துக்கு மேல் சோறு கிடையாது என்பது மட்டும் பிற்பாடுதான் தெரிந்தது. எறும்பைக்கூட நசுக்கக்கூடாது, பொய் சொல்லக்கூடாது, மூக்கு நுனியில் மூச்சு வருவதையும் போவதையும் சும்மா கவனிக்க வேண்டும். முதலில் அவனுக்கு மூச்சு அகப்படவில்லை. கோடாலிச் சத்தம்தான் வந்து வந்து போனது.

பாறையில் வெயிலில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில், அவன் மடிமேல் குளிர்ந்த நிழல் விழுந்தது. சுற்றிலும் மரமே இல்லை. பொடி இலைகளின் நிழல் அவன் வெள்ளை வேட்டியில் அசைந்தது, காற்று இல்லாதபோதும். பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணைத் திறக்காமலே பாயை நிழலுக்குள் நகர்த்திக்கொண்டார்கள். அடிமரத்து நிழலில் ஆணி ஆணியாக முடிக்கற்றைகள் தொங்குவதை அவன் மட்டும் பார்த்தான். எழுந்து நடந்தால் அதுவும் நடந்தது. அன்றைக்குப் பிக்கு சொன்ன சேதி அவனை இன்னும் கலக்கிவிட்டது. சித்தார்த்தர் ஞானம் அடைந்தபிறகு, தனக்கு நிழல் கொடுத்த அரசமரத்தைத் தள்ளி நின்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாராம், ஒரு வாரம் முழுக்க, நன்றிக்காக. இந்த நிழலோடு எங்கே போனாலும் போலீஸ் பிடித்துவிடும், பெற்ற பிள்ளையைப் பார்க்க முடியாது என்று அன்புச்செல்வனுக்குப் புரிந்துபோனது.

நிழலைத் தேடி ஜெயம்மாள் மலையேறி வந்தாள். பேசக்கூடாது என்று சைகை காட்டியவர்களை அவள் சட்டை செய்யவில்லை.

"டேய் அன்பு, மரத்ததான வெட்ன? நெழல எதுக்குடா தூக்கினு வந்த? அங்க வெயில்ல என் கூழு பொங்கி வழியுது."

"நான் எங்க சின்னம்மா தூக்கினு வந்தேன். அதுவா வந்து குந்திக்கினு இருக்குது."

"சொல்லிட்டுத்தான வெட்ன?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். பொய் சொல்லக்கூடாத இடம்.

"அதான. மரம் போனதே அதுக்குத் தெரியாது. வெட்னவன கேக்கலாம்னு வந்துகீது. கீழ வந்து, அந்த எடத்துல நின்னு சொல்லிடு. வுட்டுட்டுப் போயிடும்."

பிக்குவைப் பார்த்தான். அது உங்களை ஒன்றும் செய்யவில்லை, வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதானே என்றார் அவர்.

பஸ் ஓட ஆரம்பித்திருந்த ஒரு மத்தியானம் அன்புச்செல்வன் ஊருக்குள் நடந்து வந்தான். வெட்டிய மரத்தை ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். அவன் அடிக்கட்டை அருகே வந்ததும், நிழல் இறங்கி வேரோடு வேர் சரியாகப் பொருந்தியது. பஸ்ஸுக்கு வெயிலில் நின்றவர்கள் மேலே பார்க்காமலே உள்ளே நகர்ந்தார்கள். ஒருத்தி துண்டை விரித்துக் கைப்பிள்ளையைக் கிடத்தினாள். ஜெயம்மாள் பானையை இறக்கினாள். அவன் சொல்லவேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வாயைத் திறந்தான். நிழலில் தொங்கிய முடிக்கற்றைகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. கேட்கக் காத்திருப்பவர்கள் திரும்புவதுபோல. சொன்னால் நிழல் போய்விடும், அவனும் போய்விடலாம். துண்டில் கிடந்த பிள்ளை கொட்டாவி விட்டது. அன்புச்செல்வன் வாயை மூடி, அடிக்கட்டைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, மூச்சைக் கவனித்தான். இந்தமுறை அகப்பட்டது.

போலீஸ் அவனை ஜீப்பில் ஏற்றிப்போனது. நிழலும் போனது. ஸ்டேஷனில் பட்டப்பகலில் விளக்கு போட வேண்டியிருந்தது. லாக்கப்பில் இருந்தவர்கள் போர்வை கேட்டார்கள். யாருடைய தலைமுடியோ மேசைமேல் ஆடுகிறது என்று ஏட்டு உட்கார மாட்டேன் என்றுவிட்டார். சாயங்காலம் அவனைக் கொண்டுவந்து அடிக்கட்டையிலேயே விட்டார்கள். வழக்கு நடந்து நடந்து தானாக ஓய்ந்தது. ஒதுக்கீடும் வந்தது. அவன் மகள் செந்தமிழ்ச்செல்வி அதில் ஆசிரியர் பயிற்சிக்குப் போனாள், தினமும் அப்பாவின் நிழலில் நின்றுதான் பஸ் ஏறினாள். அடிக்கட்டை உளுத்ததும் ஊராட்சி ஒரு சிமெண்ட் மேடை கட்டியது. மாசி மாதம் நிழலில் காய்கள் தொங்கும், பங்குனியில் குறையும். யார் பறிக்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. பொழுது சாய்ந்தபிறகு மட்டும் அதில் யாரும் நிற்பதில்லை. புளியமரத்தடியில் நிற்கக்கூடாது என்பார்கள்.

ஒருதடவை பிக்கு வந்தார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று அன்புச்செல்வனைக் கண் இமைக்காமல் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு சொம்பு கூழ் குடித்துவிட்டு, கள்ளக்குறிச்சி பஸ்ஸைக் கேட்டுக்கொண்டு நிழலுக்குள் வந்து நின்றார்.

"அன்பு, செத்த மேக்கால தள்ளி குந்துடா, பானைமேல வெயிலு வருது" என்றாள் ஜெயம்மாள்.

அவன் தள்ளி உட்கார்ந்தான்.