எழுப்பிப் பார்க்காத புரோகிராம்

பள்ளிவாசலிலிருந்து அஸர் பாங்கு கேட்டபோது றிம்ஸான் பாணின் கடைசித் துண்டைத் தேநீரில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டு திரையையே பார்த்திருந்தான். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதைப் பார்த்திருப்பதுதான் அவனுடைய வேலை.

தில்லையடியில் அவன் இருந்த வீட்டை அவனுடைய வாப்பா கட்டியது தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டு வந்த பிறகு. றிம்ஸான் பிறந்ததும் படித்ததும் புத்தளத்தில்தான். யுத்தம் முடிந்து சில வருடங்களில் வாப்பாவும் உம்மாவும் மன்னாரில் பழைய காணியில் குடியேறப் போய்விட்டார்கள். அங்கே இன்டர்நெட் ஒழுங்காக இல்லை என்று சொல்லி அவன் மட்டும் இங்கே தங்கிவிட்டான். மூன்று அறை வீட்டில் ஓர் அறையில்தான் விளக்கு எரியும். கடைக்காரரிடம் பாண் கேட்பதைத் தவிர அவன் வாய் திறக்காத நாட்களும் உண்டு.

கம்பியூட்டர் படித்துவிட்டு வேலை தேடி அலைந்து களைத்திருந்த காலத்தில்தான் இன்டர்நெட் வழியாக றொபி வந்தான். அந்தப் பெயர் மெய்யோ பொய்யோ தெரியாது. முகத்தைக் கண்டதில்லை, குரலைக் கேட்டதில்லை. அவனிடமிருந்து இடைக்கிடை ஒரு புரோகிராம் வரும். றிம்ஸான் தன்னுடைய கணினிக்குள்ளேயே பல பொய் விண்டோஸ் கணினிகளை உண்டாக்கி, ஒவ்வொன்றிலும் வைரஸைக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு வைரஸ் கார்டைப் போட்டு, அந்தப் புரோகிராமை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு கார்ட் சத்தம் போட்டால் எது, எந்த இடத்தில் என்று எழுதி அனுப்ப வேண்டும். சில நாளில் புரோகிராம் திருத்தப்பட்டு மறுபடி வரும். எதுவுமே சத்தம் போடாவிட்டால் 'பாஸ்' என்று எழுதிவிட்டு அதை அழித்துவிட வேண்டும். சம்பளம் ஒழுங்காக வந்தது. வைரஸ் கார்ட் செய்யும் கொம்பனிகளுக்காக நடக்கிற சோதனை இது என்று றொபி ஒரு முறை எழுதியிருந்தான். றிம்ஸான் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்தப் புரோகிராமின் கெட்டித்தனத்தில் அவனுக்கு ஒரு மயக்கமே இருந்தது. வந்ததும் வராததுமாக அது எதையும் செய்துவிடாது. முதலில் சுற்றுமுற்றும் பார்க்கும். இது மெய்யான கணினியா, சோதனைக்காகச் செய்த பொய்க் கணினியா? மவுஸ் அசைகிறதா? இங்கே யாராவது கடிதம் எழுதுகிறார்களா, படம் பார்க்கிறார்களா, அல்லது நேற்றுத்தான் விண்டோஸ் போட்டதுபோல் எல்லாம் வெறுமையாகக் கிடக்கிறதா? சந்தேகம் வந்தால், ஒன்றும் அறியாத சாதாரண மென்பொருள்போல் நடித்துவிட்டு அப்படியே படுத்துவிடும். வைரஸ் கார்டும் அதை நம்பி விட்டுவிடும்.

படுத்திருக்கும் அது எழுந்தால் என்ன செய்யும்? அதை எழுப்புவது அவனுக்கு முடியாத காரியமில்லை. ஒரு நாள் மினக்கெட்டால் போதும். அவன் மினக்கெடவில்லை. நெஞ்சின் ஓர் ஓரத்தில் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்ததைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளத்தான் அவன் விரும்பவில்லை.

"மகன், ஒரு எடம் பேசி வந்திருக்கு. மாப்பிள என்ன தொழில்ண்டு கேக்கிறாங்க" என்று உம்மா போனில் கேட்டாள்.

"கம்பியூட்டர் வேலண்டு சொல்லுங்க உம்மா."

"எந்தக் கந்தோர்ல வேலண்டும் கேக்கிறாங்களே."

"கந்தோர் இல்ல. ஊட்டில இருந்துதான்."

"அதத்தான் நானும் சொன்னன். என்ன செய்யிறண்டு வெளக்கமாச் சொல்லத் தெரியல்ல மகன்."

அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. மஃரிப் தொழுகைக்குப் பிறகு சந்தியில் கூடி நிற்கும் கூட்டாளிமாரிடம் போவதையும் இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவன் நிறுத்தியிருந்தான். முதலில் அவர்கள் போனில் கோல் எடுத்துக் கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள்.

விடாமல் இருந்தவன் ஃபாஹிம் மட்டும்தான். கல்பிட்டியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பள்ளிக்காலத்துக் கூட்டாளி. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு அவனிடமிருந்து கோல் வந்தது.

"மச்சான், கடக் கம்பியூட்டருக்கு என்னமோ நடந்திட்டு. ஒரு படமும் தொறக்குதில்ல. நீ ஒருக்கா வந்து பாரேன். உன்ன விட்டா எனக்கு ஆரத் தெரியும்?"

றிம்ஸான் பஸ் ஏறினான். பாலாவியில் உப்பு வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. அங்கிருந்து கல்பிட்டி றோட்டில் திரும்பி, மின்சாரம் எடுக்கும் காற்றாடிகளைத் தாண்டி, றோட்டின் நடுவே நகர மாட்டேன் என்று நின்ற கழுதைகளுக்காக ஒரு முறை நின்று, பஸ் கல்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

ஸ்டூடியோவில் பிளாஸ்டிக் கதிரையில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. ஃபாஹிம் அவனை உள்ளே இழுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"ஸும்றா. இவட மாப்பிள அஸாம் கடலுக்குப் போய் மவுத்தாகிட்டான். மையித்தும் கெடைக்கல்ல. புள்ள அதுக்குப் பொறகு பொறந்தது. கலியாணப் படம் நாந்தான் எடுத்த. அவங்க ரெண்டு பேரும் ஆல்பத்துக்குப் படம் தெரிஞ்செடுத்துத் தாறண்டு சொல்லிச் சொல்லியே நாள் போயிட்டு. அவன்ட போனும் அவனோடயே கடலுக்குப் போயிட்டு. ஊட்டுக்குள்ள இத்தா இருந்து முடிஞ்சி முதல்ல வெளிக்கிட்டு வந்தது இந்தப் படத்துக்குத்தான்."

"மத்தவங்கட போன்ல இல்லயா?"

"ஒண்டு ரெண்டு இருக்கு. மொகம் தெளிவில்ல."

கணினியின் திரை கறுப்பாக இருந்தது. உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுள்ளன, திறக்க வேண்டுமானால் பணம் அனுப்புங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. உள்ளே, பல வருடமாக அந்த ஊரில் நடந்த கலியாணங்கள், சுன்னத் வைக்கும் கத்னா வீடுகள், பள்ளிக்கூடப் பரிசளிப்புகள் எல்லாம் வெற்றுப் பெயர்களாகக் கிடந்தன. ஒவ்வொரு பெயரின் வாலிலும் பொருளில்லாத சில எழுத்துகள் ஒட்டியிருந்தன. படங்களைப் பிரதி எடுத்து வைத்திருந்த வெளி டிஸ்க்கும் கணினியோடே மாட்டியிருந்ததால் அதுவும் தப்பவில்லை.

"புதுசா என்ன போட்ட?"

"ஆல்பம் செய்யிற மென்பொருள் ஒண்டு. வாங்கப் போனா சரியான வில. சும்மா கெடைக்கிற எடத்தில எடுத்தன்." ஃபாஹிம் தலையைச் சொறிந்தான். "ஆனா மச்சான், வைரஸ் காட் இருந்திச்சே! ஸ்கேன் பண்ணித்தான் போட்டன். ஒண்டுமே சொல்லல்ல."

டவுன்லோட் செய்த அந்தப் பொதியை றிம்ஸான் தேடிப் பிரித்துப் பார்த்தான். ஆல்பம் மென்பொருளுக்குள் இன்னொன்று ஒளிந்திருந்தது. அதை அவனுக்குத் தெரியும். ஒன்றும் அறியாததுபோல் நடிக்கிற அந்த நடிப்பைத் தெரியும். எந்த வைரஸ் கார்ட் கடைசிவரை சத்தம் போட்டது, எதை மாற்றிய பிறகு அதுவும் அடங்கியது என்பதுகூட ஞாபகம் இருந்தது.

"என்ன மச்சான், படம் வருமா?"

"ஊட்ட கொண்டுபோய்ப் பாத்திட்டுச் சொல்றன்" என்று பொதியை மட்டும் ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். ஸும்றா எழுந்து நின்றாள். அண்ணனைக் கேட்பதுபோல் "படம் வருமா நானா?" என்று கேட்டாள். அவன் ஒரு தலையசைப்போடு அவளைக் கடந்து போனான். அந்தத் தலையசைப்பு ஓமா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை அவன் அந்தப் புரோகிராமை எழுப்பினான்.

வெளித்தொடர்பு எல்லாவற்றையும் துண்டித்துவிட்டு, ஒரு பொய்க் கணினியை ஆள் வாழும் கணினியாக மாற்றினான். கடிதங்கள் எழுதி வைத்தான், பாட்டுகள் போட்டான். தன்னுடைய படங்களின் பிரதிகளையும் உள்ளே வைத்தான்: மன்னாரில் புது வீட்டு வாசலில் உம்மா, ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வாப்பா, பெருநாள் உடுப்பில் தானும் கூட்டாளிமாரும். பிறகு அங்கே குடியிருப்பவன்போல் மவுஸை அசைத்தான், ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தான். அது சந்தேகப்பட்டுப் படுத்தே கிடந்தது. அவன் விடவில்லை. உம்மாவுக்கு எழுதுவதுபோல் ஒரு கடிதம் எழுதத் தொடங்கினான். பொய்யாகத் தொடங்கிய கடிதத்தில் தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது என்று மெய்யாகவே எழுதிவிட்டான்.

வெயில் ஏறிய நேரம், அது எழுந்தது.

அவசரமில்லாமல் வேலையைச் செய்தது. உம்மாவின் முகம் போனது, வாப்பா போனார், கூட்டாளிமார் போனார்கள். பெயர்களின் வாலில் அதே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. போனவை பிரதிகள்தான். மூலப்படங்கள் வேறிடத்தில் பத்திரமாக இருந்தன. இருந்தும் அவனால் கதிரையில் உட்கார முடியவில்லை. எழுந்து மற்ற அறைகளுக்குள் போய்ப் போய் வந்தான். சொல்லி அழ அந்த வீட்டில் ஆளில்லை.

மேசையில் கிடந்த போனில் செய்தி ஒன்று வந்து விழுந்தது. றொபி. புதுப் புரோகிராம் ஒன்று அனுப்பியிருக்கிறேன், அவசரம் என்று எழுதியிருந்தான். றிம்ஸான் பதில் எழுதவில்லை.

பேசாமல் இருந்துவிட அவனுக்கு வழி இருந்தது. பூட்டைத் திறக்க முடியவில்லை மச்சான் என்று சொன்னால் ஃபாஹிம் நம்பியிருப்பான். வந்ததுக்கு நன்றி சொல்லித் தேநீரும் வாங்கிக் கொடுத்திருப்பான். அந்தத் தேநீரை நினைத்தபோதுதான் றிம்ஸானுக்குத் தாங்கவில்லை. அன்று பின்னேரமே திரும்பவும் கல்பிட்டிக்குப் பஸ் ஏறினான்.

ஃபாஹிம் முழுவதையும் கேட்டான்.

"அப்ப வைரஸ் காட் சத்தம் போடாமப் பாத்துக்கொண்டது நீ."

"ஓம்."

"படம் வராது."

"வராது மச்சான்."

ஃபாஹிம் எழுந்து போய் ஸ்டூடியோ விளக்குகளை அணைத்தான். "போ. எனக்கு இப்ப உன்ட மொகத்தப் பாக்கேலாது" என்றான். றிம்ஸான் படியிறங்கிய பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது: "என்னட்ட மட்டும் சொன்னது காணாது. ஸும்றாட்ட நான் சொல்ல மாட்டன். நீயே வந்து சொல்லு."

அடுத்த கிழமை அவன் தன்னுடைய கணினியைத் துணியில் சுற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனான். இப்படியான குற்றங்களை விசாரிக்கும் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் ஸஹ்னா என்ற அதிகாரி அவனை எதிரில் உட்கார வைத்துக் கேட்டாள். றொபி அழிக்கச் சொன்ன பழைய புரோகிராம்களில் சிலதை, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையில், அவன் அழிக்காமல் வைத்திருந்தான். அவற்றை அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"இதுகள வெச்சி அது எப்பிடி எப்பிடி மாறி வந்திருக்குதுண்டு பாக்கலாம். இனி வாறத வைரஸ் காட் பிடிக்கிறதுக்கு இது உதவும்" என்றாள். "ஆனா பூட்டினதத் திறக்கிற சாவி அவங்கட கையிலதான். உங்கட கூட்டாளிட படங்கள் திரும்பி வருமெண்டு நான் சொல்லமாட்டன்."

"எனக்கு என்ன நடக்கும் மிஸ்?"

"அது எனக்குத் தெரியாது. நீங்களா வந்தது எழுத்தில இருக்கும். செஞ்சதும் எழுத்தில இருக்கும்."

கணினியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கூப்பிடும்போதெல்லாம் வர வேண்டும், நாட்டை விட்டுப் போகக் கூடாது என்றார்கள். உம்மாவிடம் அவனே போனில் எல்லாவற்றையும் சொன்னான். பேசி வந்திருந்த இடத்தைப் பற்றி அதன் பிறகு அவள் வாய் திறக்கவில்லை.

பிறகு அவன் ஸ்டூடியோவுக்குப் போனான். ஃபாஹிம் சொல்லி அனுப்பியிருந்ததால் ஸும்றா வந்திருந்தாள். பிரதி எடுக்கும் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டும் பழக்கம் ஃபாஹிமுக்கு இப்போது வந்திருந்தது. அவன் றிம்ஸானை உட்காரச் சொல்லவில்லை.

றிம்ஸான் நின்றபடியே ஸும்றாவிடம் சொன்னான். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அவள் கேட்டு முடித்துவிட்டு ஃபாஹிம் பக்கம் திரும்பினாள்.

"அந்தத் தெளிவில்லாத படத்த அடிச்சித் தாங்க நானா. இந்தப் புள்ளைக்கு வாப்பாவக் காட்ட எனக்கு அதுதான் இனி."

அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியது. அவள் றிம்ஸானைப் பார்த்தாள்.

"என்ட மாப்பிளய நீங்க அறிவீங்களா?"

"இல்ல தங்கச்சி."

"என்னய அறிவீங்களா?"

"உங்களயும் தெரியா. அது எங்கயோ வெளிநாட்டுக்கு, பெரிய பெரிய கொம்பனிகளுக்குப் போகுதெண்டுதான் நான் நெனச்சிருந்தன். ஆருக்கெண்டு கேக்கல்ல."

ஸும்றா குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். அவளுடைய குரல் உயரவில்லை.

"ஆருக்கோ போகுதெண்டு நெனச்சீங்க. அந்த ஆரோ நான்தான் நானா. இந்தப் புள்ளதான். ஒரு வேலயக் கையில எடுத்தா அது ஆர்ட ஊட்டுக்குப் போகுது, அங்க போய் என்ன செய்யுதெண்டு கேக்கணும். கேக்காம இருந்தா நாம செய்யல்லண்டு ஆகிடாது. கள்ளனுக்குக் கதவத் தொறந்து குடுத்தவனும் கள்ளன்தான்."

இயந்திரத்திலிருந்து படம் வெளியே வந்தது. மாலையோடு சிரிக்கும் யாரோ ஒருவன். கண்ணும் மூக்கும் கலங்கிக் கிடந்தன. ஸும்றா அதைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்தாள். றிம்ஸான் பார்வையைத் திருப்பிக்கொள்ளாமல் அங்கேயே நின்றான்.