பூ வைக்காத பக்கம்

விளக்கம் என்பது தையல்காரியின் நாத்தனார் புருஷனுக்கு வீட்டில் வைத்த பெயர். அவர் இல்லாதபோது மட்டும் புழங்கும் பெயர். கேட்டாலும் கேட்காவிட்டாலும் விளக்கம் சொல்வார். மழை ஏன் பெய்கிறது என்று நனைந்துகொண்டு ஓடுபவனை நிறுத்திச் சொல்லக்கூடிய மனிதர். பூ வண்டி ஊர்வலம் பார்க்க எங்கே உட்காருவது என்பதையும் அவர்தான் முடிவு செய்தார்.

"எல்லாரும் அந்தப் பக்கம் போய் வெயில்ல வேகுறாங்க பாருங்க. இந்தப் பக்கம் நிழல். கூட்டமே இல்ல. மூளைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

தையல்காரிக்கு அப்போதே உறுத்தியது. ஊரே எதிர்ப்பக்கம் போகிறதென்றால் ஊருக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். கணவனின் காதருகே அதைச் சொன்னாள்.

"மாப்பிள்ளை வருத்தப்படுவாரு. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றான்.

கல்யாணமான புதிதில் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையை மாமியாருக்கு விட்டபோது இந்தச் சொல்லை முதலில் கேட்டாள். தையல் மெஷினைக் கூடத்திலிருந்து குளியலறை ஓரத்துச் சந்துக்குத் தள்ளியபோதும் இதே சொல்தான். உடைகளை அளவு மாற்றித் தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவளுக்கே அது வேடிக்கையாக இருந்தது. அடுத்தவர் உடம்புக்கு ஏற்ற மாதிரி பிடிப்பதும் விடுவதும்தான் அங்கே வேலை. பகலெல்லாம் துணியை உள்புறமாகப் புரட்டி, தையலையும் பிசிறையும் பார்த்துக்கொண்டிருப்பாள். வெளிப்பக்கத்தைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் வேறு ஆட்கள்.

அந்தக் கடைச் சுவரில் ஒரு காலண்டர். அதில் முழுக்கப் பூவால் செய்த கப்பல் ஒன்று தெருவில் மிதந்து போகும். வருஷம் முடிந்தும் அவள் அதைக் கழற்ற விடவில்லை. கணவனிடம் அவளாக வாய்விட்டுக் கேட்டது இந்த ஒரு பயணத்தைத்தான். சரி என்றவன், மறுநாளே தங்கை குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டான். நாலு பேராகப் போனால் கலகலப்பாக இருக்குமாம்.

மேளச் சத்தம் கேட்டது. முதல் வண்டி மெல்ல உருண்டு வந்தது. எதிர்ப்பக்கம் ஜனங்கள் எழுந்து கைதட்டினார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் தெரிந்தது ப்ளைவுட் பலகை. ஆணி, கட்டுக்கம்பி, தண்ணீர் வாளியோடு குந்தியிருந்த ஓர் ஆள். அவனுடைய ஈரச் சட்டை ஓர் ஆணியில் காய்ந்துகொண்டிருந்தது.

"வண்டி திரும்பும், இருங்க" என்றார் விளக்கம்.

வண்டி திரும்பவில்லை. அடுத்து வந்ததும் பலகைதான். அதற்கடுத்ததும்.

"இது என்னங்க?" என்றாள் நாத்தனார்.

"யானை."

"எதை வச்சு சொல்றீங்க?"

"வாலு இருக்குல்ல."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கணவனும் சிரித்தான். விளக்கம் அசராமல் தையல்காரியிடம் திரும்பினார். "ரெண்டு பக்கமும் பூ வச்சா வெயிட் தாங்காது. அதெல்லாம் இன்ஜினியரிங், தங்கச்சி. உனக்குப் புரியாது."

பேசாமல் இருப்பதில் தையல்காரி கைதேர்ந்தவள். ஒருவகை மௌனம் சம்மதம் போலத் தெரியும். இன்னொரு வகை தலைவலி போல. இப்போது உள்ளே கிடந்தது எதிலும் சேராதது. அடுப்பில் மறந்துவிட்ட பாத்திரம் மாதிரி அடி பிடித்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் போயிடலாம்" என்றாள்.

"கயிறு கட்டியிருக்கான் பாரு. முடிஞ்சதும் போய்க்கலாம்" என்றான் கணவன்.

"முடிஞ்சப்புறம் போய் ரோட்டையா பாக்குறது?"

"அண்ணிக்குக் கோவம் வந்துருச்சுடோய்" என்றாள் நாத்தனார். "விடுங்க அண்ணி, நாளைக்கு பேப்பர்ல போட்டோ போடுவான்."

போட்டோ! போட்டோவைத்தான் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாளே.

அப்போது தெருமுனையில் கப்பலின் மூக்கு தெரிந்தது. நேர் எதிரே பார்க்கும்போது முழுக்கப் பூ. மஞ்சள், அதற்கு மேல் ரத்தச் சிவப்பு, உச்சியில் வெள்ளைப் பாய். அது நெருங்க நெருங்க இந்தப் பக்கத்து விலா மட்டும் மொட்டைப் பலகையாக நீண்டுகொண்டே வந்தது.

தையல்காரி எழுந்தாள். கணவன் கையைப் பிடித்தான்.

"உட்காரு. நாலு பேர் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அவங்களாவது எதையாவது பாக்கட்டும்!"

கையை உதறினாள். கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து கப்பலுக்கு முன்னால் நடந்தாள். ஓடவில்லை. பிரேக் கிறீச்சிட்டது. விசில் ஊதினார்கள். மேளம் தடுமாறி நின்றது. அவள் அக்கரைக் கயிற்றருகே போய்த் திரும்பி நின்றாள்.

ஓட்டுநர் தலையை நீட்டினார். "சாவுறதுக்கு வேற வண்டி கிடைக்கலையாம்மா உனக்கு?"

"ஏன் ஒரு பக்கம் மட்டும் பூ வச்சீங்க?"

"என்னது?"

"அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவங்க எல்லாம் மனுஷங்க இல்லையா? பலகையப் பாக்கவா ராத்திரியெல்லாம் பஸ்ல குலுங்கிக்கிட்டு வந்தோம்?"

ஓட்டுநர் அவளுக்குப் பின்னால் கை காட்டினார். "மேடை இந்தப் பக்கம்மா. பரிசு குடுக்கிறவங்க இங்கதானே உட்கார்ந்திருக்காங்க."

அவ்வளவுதான் காரணம். விளக்கத்துக்குத் தெரியாத விளக்கம்.

நின்றுபோன வண்டி கிளம்ப மறுத்தது. ஓட்டுநர் சாவியைத் திருகத் திருக அது இருமியது. கப்பல் கைக்கெட்டும் தூரத்தில் அப்படியே நின்றது. பார்த்ததும் அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. இவ்வளவு அழகையும் தன்னிடமிருந்து திருப்பி வைத்துக்கொண்டார்கள் என்கிற ஆத்திரம்தான் பொங்கியது. அந்த ஆத்திரத்தோடேயே ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள், ஓர் இதழ் விடாமல்.

கடைசியில் நாலு பேர் சேர்ந்து தள்ள, கப்பல் நகர்ந்தது. அதற்குப் பின்னால் அவள் விட்டு வந்த பக்கம் தெரிந்தது. விளக்கம் கைகளை ஆட்டி நாத்தனாருக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். கணவன் கயிற்றைப் பிடித்தபடி நின்றான்.

"வந்துடு!" என்று கத்தினான். "வா, பேசிக்கலாம்!"

"நீங்க வாங்க" என்றாள். அவள் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கே தெரியாது.

அவன் கயிற்றைப் பார்த்தான். மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தான்.

அதற்குள் அடுத்த வண்டி வந்துவிட்டது. பக்கத்திலிருந்த அம்மாள் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். தையல்காரி வெயிலில் உட்கார்ந்துகொண்டாள்.