ஒழுகும் தொட்டி

அக்காவின் கணவரான மாமா குழாய் வேலைக்காரர். ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டபின் வீட்டில் இருந்தார். கட்டுப் பிரித்தாயிற்று, விரல்கள்தான் மடங்க மறுத்தன. பயிற்சிக்கென்று மருத்துவமனையில் கொடுத்த ரப்பர் பந்து அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. சும்மா இருந்தால் மனுஷன் கெட்டுப்போவார் என்று அக்கா தொட்டியில் குறுக்கி வளர்த்த ஒரு போன்சாய் மரம் வாங்கிவந்து, "இது உங்க பொறுப்பு" என்று ஜன்னலில் வைத்தாள். அத்தி இனம், ஒரு சாண் உயரம்.

ராத்திரி வேலையை விட்டுவிட்டு நானும் அங்கேதான் கிடந்தேன். அக்கா தையல் ஆலைக்குக் கிளம்பியதும் இரண்டு தண்டச்சோறும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். அப்படித்தான் கவனித்தேன். உதிர்ந்த இலைகளை மாமா பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா உதிருது?"

"உன் வேலையப் பாரு."

"இருந்தா பார்க்க மாட்டேனா, மாமா?"

சிரிப்பு வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"இது செத்தா அவ திட்ட மாட்டா, மாப்ள. அதான் பயம். கை போச்சு, சரின்னா. மரமும் போச்சுன்னா அதுக்கும் சரிம்பா. அப்புறம் என்னை நம்பி எதையும் குடுக்க மாட்டா."

தொட்டியைத் தூக்கினேன். கல் மாதிரி கனத்தது, சாக்கடை நாற்றம் அடித்தது. கவிழ்த்துப் பார்த்தால், அடியில் இருந்த ஓட்டை வெள்ளைப் பசையால் வழவழப்பாக அடைக்கப்பட்டிருந்தது. சுத்தமான வேலை.

"யாரு மாமா அடைச்சது?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஒழுகுச்சு."

"ஒழுகத்தானே ஓட்டை போட்டிருக்கான்."

"அதைச் சொல்லிக் குடுக்கணும்ல. ஒழுகுறதை அடைச்சே வயித்தக் கழுவுனவன்கிட்ட அடியில ஓட்டை வச்ச சாமானைக் குடுத்தா?"

மரம் விற்ற கடைக்குப் போன் செய்தேன். அழுகிய வேரை வெட்டு, களிமண்ணை எறி, தண்ணீர் நிற்காத பொடிக்கல்லாக நிரப்பு என்றான் கடைக்காரன். பிழைக்குமா என்று கேட்டதற்கு, பாருங்க என்று வைத்துவிட்டான்.

பின்பக்கம் கிடந்த செங்கலை உடைத்து வடிகட்டியில் சலித்தேன். தூளை வெளியே கொட்டியபோது மாமா பதறினார்.

"தூளு இல்லாம எப்படிடா இறுகும்?"

"இறுகக் கூடாது மாமா. வேரு மூச்சு விடணும்."

பிறகு மரத்தை உருவி, முள்கரண்டியால் வேர்மண்ணைக் கிளறினேன். இரண்டு நல்ல வேர்கள் அறுந்தன.

"கழுதைக்குச் சிக்கெடுக்குறியா? இங்க கொண்டா."

இடது கையில் மரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையில் ஒரு குச்சியை எடுத்தார். விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. மூன்றாவது முறை கட்டைவிரல் இடுக்கில் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மண்ணைத் தள்ளினார். கறுத்த வேர்கள் நனைந்த காகிதம் போலப் பிய்ந்து வந்தன. அவற்றை நான் வெட்டினேன். மிஞ்சிய வெள்ளை வேர் ஒரு கைப்பிடிகூட இல்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

பசையைச் சுரண்டி எடுத்து, ஓட்டைமேல் வலைத்துண்டு வைத்து, சலித்த செங்கல் சில்லில் மரத்தை நட்டோம். தண்ணீர் ஊற்றியதும் அடியில் சரசரவென்று ஓடியது. மாமாவின் இடது கை தானாக ஓட்டையைப் பொத்தப் போனது.

"மாமா."

கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா வந்தபோது ஜன்னல் சொட்டிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் செங்கல் புழுதி. மரத்தில் இலை என்று நான்கு இருந்தன.

"என்னங்க ஒழுகுது?"

"ஒழுகத்தான் செய்யும்" என்றார் மாமா. "ஓட்டையை நான்தான் அடைச்சேன். வேரு அழுகிப்போச்சு. பிழைக்குமான்னு தெரியல."

"மரம் வாடுறது முன்னாடியே தெரியும். உங்க சட்டையத் துவைக்கிறவ நான்தானே. பையில எவ்வளவு இலை."

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்."

ஒரு பழைய தட்டைக் கொண்டுவந்து தொட்டிக்கு அடியில் தள்ளினாள். "இனிமே தண்ணி யாரு ஊத்துறது? இவனா?"

"இவனா? இருக்கிற வேரையும் பிடுங்கிருவான். நான்தான். குச்சியை விட்டு ஈரம் பார்த்துட்டு ஊத்துவேன்."

"சரி" என்றாள் அக்கா. அவருடைய வலது விரல்களில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தாள். "போய்க் கையைக் கழுவிட்டு வாங்க."

அவர் உள்ளே போனார். தண்ணீர் சத்தம் வர நேரமானது. குழாயை இடது கையால் திறந்திருந்தால் உடனே வந்திருக்கும்.